கைட்டோசான் அடித்தும் புழு ஏன் சாகவில்லை?

நம்பிக்கை: கைட்டோசான் தெளித்தால் பூச்சியும் நோயும் அழிந்துவிடும்.

மருந்துக் கடையில் பூச்சிக்கொல்லிகளோடு ஒரே அலமாரியில் இருப்பதால் வரும் எண்ணம் இது. தண்டுத் துளைப்பான் புகுந்த நெல்லில் இதை அடித்துவிட்டு, மறுநாள் வரப்பில் நின்று செத்த புழுவைத் தேடினால் மனம்தான் சோரும். இதன் வேலை வேறு. இறால், நண்டு ஓடுகளிலும் பூச்சிகளின் மேல்தோலிலும் பூஞ்சைகளின் செல்சுவரிலும் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. செடியின் உடம்பில் அது கிடையாது. அதனால் கைட்டின் துணுக்கு பட்டதுமே, பகைவன் வாசலுக்கு வந்துவிட்டான் என்று செடி அறிந்துகொள்கிறது. நெல்லில் இதை உணரும் புரதத்தை 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். உடனே செடி தன் செல்சுவரைத் தடிப்பாக்கும். பூஞ்சையின் சுவரை அரிக்கும் நொதிகளைச் சுரக்கும். கைட்டினிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் இப்படித்தான் பயிரை உஷார்ப்படுத்துகிறது. சில பூஞ்சைகளின் வளர்ச்சியை அது நேரடியாகத் தடுப்பதும் உண்மைதான். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடுக்கு அனுமதி கொடுத்தபோது, செடியின் எதிர்ப்பைத் தூண்டும் பொருளாகவே அதை ஏற்றது. சங்கு ஊதியபின் படை திரள அவகாசம் வேண்டாமா? குலை நோய்ப் புள்ளி வயலெங்கும் பரவியபின் தெளிப்பது வீண் செலவு. நோய் வருமுன் தெளிக்க வேண்டும்.

நம்பிக்கை: பாலிமர் என்றால் பிளாஸ்டிக், மண் கெட்டுவிடும்.

பருத்தியில் இருக்கும் செல்லுலோசும் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் பாலிமர்கள்தான். கைட்டோசானும் அவற்றைப் போலவே மக்கிவிடும்.

நம்பிக்கை: இறால் ஓடுகளை அள்ளி வயலில் கொட்டினாலே போதும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடு மட்கும்போது கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகும். நூற்புழு முட்டையின் மேலுறையிலும் கைட்டின் உண்டு என்பதால் அவை அதையும் அரிக்கும். அளவு மீறிக் கொட்டினாலோ அம்மோனியா கிளம்பி வேரைக் கெடுக்கும். இலையில் தெளிக்கும் கைட்டோசான் இப்படிக் கிடைக்காது. ஓட்டின் சுண்ணாம்பை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கி, எஞ்சும் கைட்டினை அடர்ந்த காரத்தில் சூடேற்ற வேண்டும். 1859இல் பிரான்சின் சார்ல் ரூஜே கண்ட வழியின் சாரம் இதுதான். தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும் காரம் அது. தயவுசெய்து இதைக் கொல்லைப்புறத்தில் காய்ச்சிப் பார்க்காதீர்கள்.

நம்பிக்கை: இயற்கைப் பொருள்தானே, எதோடும் கலக்கலாம்.

சாதாரண கைட்டோசான் வெறும் தண்ணீரில் கரையாது; வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில்தான் கரையும். அந்தக் கரைசலில் சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையை ஊற்றினால், எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்துவிடும். திரிந்தது தெளிப்பானின் முனையை அடைத்துக்கொள்ளும். இலைக்குப் போய்ச் சேராது. எந்த மருந்தோடு சேர்ப்பதானாலும், டேங்கில் ஊற்றுமுன் ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் கலந்து, திரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.