சங்கமும் கோள் சொல்லும்

கூட்டுறவுச் சங்கத்திற்கு மூலதனம் இரண்டு. ஒன்று பங்குத் தொகை. மற்றொன்று அங்கத்தினரின் பரஸ்பர நம்பிக்கை. முன்னதைத் தணிக்கையாளர் கணக்கிடுவார். பின்னதைக் கணக்கிடும் பதிவேடு இல்லை. அதனைக் கரையான்போல் அரிப்பது கோள். மரபு நெசவாளராகவே போற்றும் வள்ளுவர், திருக்குறளின் 19ஆம் அதிகாரம் முழுவதையும் புறங்கூறாமைக்கென ஒதுக்கியுள்ளார்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அங்கத்தினர் ஒருவர் அடைமழை நாட்களில் நூல் பெற்றார். மழை ஓய்ந்து வெயில் ஏறியபின் துணியை ஒப்படைத்தார். வழக்கமான சேதாரம் போக எடை சற்றுக் குறைந்திருந்தது. "நூலில் கை வைத்துவிட்டார்" என்று ஒருவர் தலைவரின் காதில் ஓதினார். தலைவர் உரியவரை ஒரு சொல்லும் கேளாமல் நூல் வழங்குவதை நிறுத்தினார். இரு வாரங்கள் அத்தறி ஓசையின்றிக் கிடந்தது. அக்குடும்பம் கூலியின்றி வாடியது.

நாம் அனைவரையும் அமர்த்தி நூல் இருப்புப் பதிவேட்டை விரித்தோம். அதே நாட்களில் நூல் பெற்ற ஏனையோர் கணக்கிலும் ஏறக்குறைய அதே குறைவு காணப்பட்டது! பருத்தி காற்றின் ஈரத்தை ஏற்கும் இயல்புடையது. முற்றிலும் உலர்ந்த 100 கிலோ நூல், 8.5 கிலோ ஈரம் ஏற்று நிற்பதாகக் கொள்வதே வாணிக வழக்கு. மழைநாளில் ஈரம் மிகும், வெயிலில் குறையும். திருடியது கை அன்று, காற்றே. மற்றவர் கணக்கை எவரும் நோக்காமைக்குக் காரணம், அவர்களைப் பற்றிக் கோள் சொல்வார் இல்லாமையே.

கோள் சொன்னவரும் கொடியவரல்லர். தராசைக் கண்டார், காரணம் அறிந்திலர். அவரை ஊர்நடுவே அவமதிப்பதால் பயனில்லை. கேட்ட மாத்திரத்தில் தண்டித்தவரின் பிழையே பெரிது. ஆதலின் நிர்வாகிகள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது, கோள் கொணர்பவரை மூன்று கேட்க வேண்டும்: "நேரில் கண்டீரா? எந்நாள், எக்கணக்கு? அவர் முன்னிலையில் கூறுவீரா?" பெரும்பாலான கோள்கள் மூன்றாம் கேள்வியைத் தாண்டா.

இரண்டாவது, உரியவரின் விளக்கத்தைக் கேளாமல் நூலையோ கூலியையோ நிறுத்தலாகாது.

மூன்றாவது, நூலும் துணியும் அங்கத்தினர் கண்முன் நிறுக்கப்பட்டு, அப்போதே அவரது கணக்குப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். மூடிய கணக்கே வதந்தியின் பிறப்பிடம்.

ஒன்றை மறத்தலாகாது. முறையீடு வேறு, கோள் வேறு. கணக்கில் பிழை கண்டவர் அதனை எழுதிக் கையொப்பமிட்டு நிர்வாகக் குழுவிடம் தருவது அவர் உரிமை, கடமையுங்கூட. குழு செவிசாயாவிடின் துறை அலுவலரிடம் முறையிடலாம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவு விசாரணைக்கு வழி செய்கிறது. இத்தகையவரைக் "கோள்காரர்" என்று வாயடைப்பது, கோளினும் பெருங்கேடு. நேர்வழி அடைபட்ட சங்கத்தில்தான் சொற்கள் திண்ணைதோறும் திரிகின்றன.

அறுந்த இழையை அக்கணமே முடிந்துவிட்டு மேலே நெய்வது நெசவாளர் வழக்கம். விட்டுவிட்டால் துணி முழுவதும் ஓட்டை தொடரும். மனத்தாங்கலுக்கும் அஃதே முறை. அடுத்த குழுக் கூட்டத்திலேனும் உரியவரை எதிரில் அமர்த்திப் பேசுவோமாக.