ஏரிக்கரையில் தடுமாறாத கால்கள்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகியிருந்தாலும், அவற்றுக்கிடையே ஏரிகளும் கரைகளும் இன்னும் இருக்கின்றன. ஷிப்ட் இல்லாத காலையில் அக்கரைகளில் ஓட விரும்பும் வாலிபர்களுக்காக இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

நாள் முழுவதும் சமமான சிமெண்டுத் தரையில் நின்று பழகிய கால், கரையின் சரிவுக்கும் சரளைக்கும் மாடு மிதித்து இறுகிய குழிகளுக்கும் பழகியதல்ல. பாதம் உள்பக்கமாகப் புரண்டால், கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் இழுபட்டுச் சுளுக்கு உண்டாகிறது. ஆகவே ஓடுவதற்கு முன் கால்களை ஆயத்தப்படுத்த வேண்டும்.

நாம் விழாமல் நிற்க மூன்று காரியங்கள் உதவுகின்றன: கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் வலி தெரியாமையே என்று எடுத்துக்காட்டினார். வலி தேவன் தந்த காவல் என்பதே அவர் போதித்த பாடம். சர்க்கரை நோயிலும் பாதம் இவ்விதமே மரத்துப்போகலாம். அப்படிப்பட்டவர் கரையில் ஓடினால், சீமைக்கருவேல முள் தைத்ததும் தெரியாது.

எனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிடங்களே ஆகும், வலி இராது. தொடுவது தெரியாவிட்டால் கரையில் ஓட வேண்டாம். மருத்துவரின் ஆலோசனைப்படி வேறு பயிற்சி செய்யலாம்.

மற்றவர்கள் ஆறு வாரம் செய்ய வேண்டிய பயிற்சிகள்:

1. ஒற்றைக் கால் நிலை: சுவரருகே ஒரு காலில் 30 விநாடி நில்லுங்கள். எளிதானபின், சுவரில் விரல் வைத்து, கண்களை மூடி நில்லுங்கள். இதைத் தினமும் செய்யலாம்.

2. குதிகால் உயர்த்துதல்: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 12 தடவை, இரண்டு சுற்று.

3. நாற்காலிப் பயிற்சி: கைகளை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 12 தடவை, இரண்டு சுற்று.

4. படி இறங்குதல்: தாழ்வான படியில் நின்று, ஒரு காலை முன்னே மெதுவாக இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் திரும்ப உயர்த்துங்கள். ஊன்றிய முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. காலுக்கு 10 தடவை. இறக்கத்தில் உடல் பாரத்தைத் தாங்கும் தொடைத் தசை இதனால் பலப்படும்.

பின்சொன்ன மூன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். தசை பலப்பட ஓய்வும் தேவை. ஆறு வாரத்துக்குப்பின் கரையில் முதலில் நடந்து, மேடுபள்ளங்களைக் கண்டு, பிறகு சிறு தூரம் ஓடுங்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் ஓட வேண்டாம்.

கால் பிசகி, நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

அன்பானவர்களே, மான் கால்களுக்காகக் கர்த்தரைத் துதித்த ஆபகூக் தீர்க்கதரிசியைப்போல, உணர்வுள்ள பாதங்களுக்காக நாமும் நன்றி செலுத்துவோம். உணர்விழந்த பாதங்களை உடையோருக்கு உங்கள் காணிக்கை பரிசோதனையாகவும் மெத்தென்ற ரப்பர் பாதரட்சையாகவும் போய்ச் சேருகிறது. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், இன்றிரவே விளக்கொளியில் அவர் உள்ளங்காலைப் பாருங்கள். இந்த ஊழியத்தைத் தொடர்ந்து ஜெபத்தில் தாங்குங்கள்.