பெட்டியைப் பார்த்துப் பந்து வாங்காதீர்கள்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கோல்ஃப் மட்டை தூக்கும் நம் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். டிரைவர் வாங்க மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள், காலணிக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். பந்தை மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பதிலிருந்து பளபளப்பாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

1. தொலைந்தால் வயிறு எரியாத பந்தை முதலில் வாங்குங்கள். உயர்தரப் பந்து ஒன்றின் விலைக்குப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, தே தாரிக்கும் குடித்துவிட்டு வரலாம். அதைக் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும் என்றால் கை தானாகவே இறுகும். குளம் வரும் குழியில் மட்டும் பையைத் துழாவிப் பழைய பந்தை எடுப்பவர்களைக் கவனியுங்கள். அடிப்பதற்கு முன்பே அந்தப் பந்தைத் தண்ணீருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் அது அங்கேதான் போய் விழும்.

2. உள்ளே என்ன இருக்கிறது, மேலே என்ன தோல் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் நமக்குக் கொஞ்சம் சொந்தக் கதையும் உண்டு. 1840-களில் மலாய் மண்ணின் தாபான் மரத்துப் பால், கட்டா பெர்ச்சா என்ற பெயரில் சிங்கப்பூர் வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தது. 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் அதை உருட்டிப் பந்தாக்கினார்கள். 1893-இல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் (இன்றைய ராயல் சிலாங்கூர்) தொடங்கியபோது உருண்டதும் அந்த வகைப் பந்துதான். வேறு பந்து அப்போது ஏது? 1898-இல் அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். அதன் பிறகு நூறு ஆண்டுகள் பால்மரத்துக்கு ராஜயோகம். டன்லப் மலாயாவில் ரப்பர் தோட்டங்களும் வைத்திருந்தது, கோல்ஃப் பந்தும் விற்றது. லயத்தில் குடியிருந்து மரம் சீவிய நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அந்தப் பந்தைக் கையில் தொடக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

அந்தக் கால நூல் பந்துக்குப் பலாட்டா என்ற மெல்லிய தோல். சுழற்சி அருமையாக இருக்கும், ஒரு தப்பான அடி பட்டால் வாய் பிளந்துவிடும். 2000-இல் டைட்டிலிஸ்டின் புரோ வி1 வந்தது. சில ஆண்டுகளில் நூல் பந்து கடையை விட்டே போயிற்று. இப்போது உள்ளே இருப்பது பாலிபியூட்டடயீன் என்ற செயற்கை ரப்பர். ஆனால் தோல் விஷயத்தில் பழைய கணக்கு மாறவில்லை. கடினமான அயனோமர் தோல் போட்ட இரண்டடுக்குப் பந்து விலை குறைவு, நிறைய அடி தாங்கும், சுழற்சி குறைவு. யூரித்தேன் தோல் போட்ட மூன்றடுக்கு, நான்கடுக்குப் பந்துகள் விலை கூடியவை. வெட்ஜில் அடித்தால் கிரீனில் கடித்து நிற்கும். தொடங்குபவருக்கு முதல் வகையே போதும். வலப்பக்கம் வளைந்து ஓடும் ஸ்லைஸையும் அது சற்றே குறைக்கும். குணப்படுத்தாது.

3. கிரீனிலிருந்து பின்னோக்கிச் சோதியுங்கள். கடையில் எல்லோரும் "இது எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரே மாதிரி அடித்தால் இன்றைய நல்ல பந்துகளுக்குள் தூர வித்தியாசம் சொற்பம். வித்தியாசம் தெரிவது கிரீனைச் சுற்றித்தான். இரண்டு வகையில் ஒவ்வொன்று வாங்கிப் பயிற்சிக் கிரீனுக்குப் போங்கள். ஒரே இடத்திலிருந்து சிப் அடித்து எது எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பட்டரில் படும் ஓசையையும் கேளுங்கள். டிரைவிங் ரேஞ்சில் கொடுக்கும் பந்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது அடி தாங்குவதற்காகச் செய்த பந்து.

4. நம் ஊர் மழையையும் புல்லையும் கணக்கில் வையுங்கள். வெளிநாட்டு விமர்சகர் உலர்ந்த, இறுகிய தரையில் அடித்துப் பார்த்துச் சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியான மழை கொட்டிவிட்டால் அகல இலை 'கௌ கிராஸ்' புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், உருளாது. ஆகவே காற்றில் உயர்ந்து பறக்கும் பந்து வேண்டும். ஊறிய கிரீனோ மெத்தென்று இருப்பதால் மலிவான பந்தும் ஓரளவு நின்று தொலைக்கும். அதிகச் சுழற்சிக்குக் கொடுக்கும் காசில் பாதி இங்கே வீண் என்பது என் கட்சி. சிலர் சண்டைக்கு வருவார்கள்.

5. "மெதுவாக வீசுபவருக்கு மென்மையான பந்து, அப்போதுதான் தூரம் போகும்" என்பதை நம்பாதீர்கள். மென்மை கைக்குச் சுகம், அவ்வளவுதான். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

6. எதை எடுத்தாலும் அதையே அடியுங்கள். முதல் குழியில் ஒரு பிராண்டு, மூன்றாவதில் புதரில் பொறுக்கியது என்று மாற்றினால், பந்து ஏன் கிரீனைத் தாண்டிப் போனது, உங்கள் கையாலா அதன் தோலாலா என்று ஒருநாளும் தெரியாது.

7. குளத்திலிருந்து எடுத்து விற்கும் பந்து மோசமில்லை. ஆனால் மேலே வெள்ளைச் சாயம் பூசிப் புதிதாக்கிய பந்தைத் தொடாதீர்கள். பந்தின் மேலுள்ள குழிகள்தான் அதைப் பறக்க வைக்கின்றன. சாயம் அவற்றில்தான் போய் அடைகிறது.

8. கார் பூட்டில் பந்தை விட்டுவைக்காதீர்கள். இங்கே பூட்டுக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். பந்து தூரம் போகட்டும் என்று வேண்டுமென்றே சூடாக்கி அடிப்பதும் விதிப்படி குற்றம்.

9. பேனாவால் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள். பந்தில் அச்சிட்ட 1, 2, 3, 4 தரத்தைச் சொல்வதல்ல, ஒரே பிராண்டு அடிக்கும் இருவர் குழம்பாமல் இருக்கத்தான். 2019 முதல் விதிப்படி, காணாமல் போன பந்தைத் தேடுவதற்கு மூன்றே நிமிடம். அதனால் சட்டென்று கண்ணில் படும் மஞ்சள் பந்து வாங்க வெட்கப்பட வேண்டாம்.

10. ஒரு சுற்றில் ஒன்றிரண்டு பந்துக்கு மேல் தொலையாமல், சிப் அடித்த பந்து கொடியைத் தாண்டி ஓடுகிறதே என்ற எரிச்சல் வர ஆரம்பித்தால், யூரித்தேன் பந்தில் மூன்று அடங்கிய சிறு பெட்டி ஒன்று வாங்குங்கள். டஜன் வேண்டாம்.