சீட்டு எழுதுமுன் ஒரு கேள்வி

அன்புத் தம்பிக்கு,

காயல்பட்டினத்திலேயே கிளினிக் திறந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு மனசு நிறைந்தது. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடுகிற அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவுக்கு நம் பக்கத்தில் இடப் பஞ்சமில்லை. மலேரியா முன்புபோல இல்லைதான். ஆனாலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்து போகும் காலம் இது. காய்ச்சல் என்று வந்தால் ரத்தத்தைப் பார்த்துவிடு.

மலேரியா உறுதியானால், மருந்து எழுதுமுன் “வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேள். கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேள். நம்மூர் வழக்கப்படி மாமியார் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை, மச்சான் பக்கத்தில் நிற்கையில் எச்.ஐ.வி. என்று வாய் திறப்பாரா? ஊருக்குத் தெரியக்கூடாது என்றுதான் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கோ பஸ் ஏறி, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்கி வருகிறார். லேபிளைக் கிழித்த டப்பாவில் அது பீரோவுக்குள் இருக்கும். காய்ச்சலுக்கு மட்டும் உன்னிடம் வருவார்.

அவருக்கு வந்தது வைவாக்ஸ் மலேரியா என்றால் பெரிய சிக்கலில்லை. குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள், எல்லோருக்கும் போலத்தான். டாப்சோன் சாப்பிடுகிறவரானால் மட்டும் ரத்த அணுக்கள் சிதையும் ஆபத்தை மனதில் வை.

பால்சிபாரம்தான் சோதனை. 2013 தேசிய மருந்துக் கொள்கை, வடகிழக்கு நீங்கலாக, ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமினைத்தான் வகுத்தது. எச்.ஐ.வி.யால் சிடி4 அணுக்கள் குறைந்தவரோ தினமும் கோட்ரைமாக்சசோல் விழுங்கிக்கொண்டிருப்பார். அதுவும் சல்ஃபாதான், கிருமியின் ஃபோலேட் வழியைத்தான் அதுவும் அடைக்கிறது. அதைத் தாண்டி வளர்ந்த கிருமி இதற்கு மசியும் என்று நம்ப முடியாது. தோல் உரிந்துபோகும் ஒவ்வாமைக்கும் வாய்ப்பு கூடும். உலக சுகாதார நிறுவனமே கோட்ரைமாக்சசோல் எடுப்பவருக்கு இந்தச் சேர்க்கை வேண்டாம் என்கிறது. இவர்களுக்கு ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கொடு. வெறும் வயிற்றில் வேண்டாம், பாலோடு கொடு. பழைய ஏ.ஆர்.டி. மருந்தான எஃபாவிரென்ஸிலேயே இருப்பவருக்கு லூமிஃபான்ட்ரின் ரத்தத்தில் குறைந்துபோகும். அவரை 28 நாள் வரை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்மியர் பார். இப்போது பெரும்பாலோர் எடுக்கும் டொலுடெக்ராவிரில் இந்தத் தொல்லை இல்லை. எது எப்படியானாலும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தச் சொல்லாதே.

சாம்பியாவில் எச்.ஐ.வி.யோடு சிடி4 குறைந்த பெரியவர்களுக்கு, சிகிச்சைக்குப் பிறகும் கிருமி திரும்ப வந்ததைப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், நம்மைப் போல மலேரியா பழகாத உடம்புக்காரர்களிடம், எச்.ஐ.வி. இருந்தால் நோய் முற்றுவது அதிகமாக இருந்தது. பிதற்றல், மஞ்சள்காமாலை, சிறுநீர் குறைவு எது தெரிந்தாலும் ஆர்ட்டிசுனேட் ஊசியின் முதல் தவணையைப் போட்டு உடனே தூத்துக்குடிக்கு அனுப்பு. கிருமி போன பிறகும் காய்ச்சல் நிற்காவிட்டால் காசநோயைத் தேடு. ஸ்லைடில் மலேரியா தெரிந்துவிட்டதாலேயே மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

எச்.ஐ.வி. சந்தேகம் உனக்கே வந்தால், விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கி நம்பிக்கை மையத்துக்கு அனுப்பு. பரிசோதனை அங்கே இலவசம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம் சம்மதத்தையும் ரகசியத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது. உன் கம்பவுண்டருக்கும் இதைச் சொல்லி வை. மருந்தில் குழப்பம் வந்தால் நோயாளியிடம் கேட்டுக்கொண்டு ஏ.ஆர்.டி. மைய மருத்துவருக்குப் போன் போடு. அதற்கப்புறம் சீட்டு எழுது.