வீணைத் தண்டி வளைந்தால்

கேள்வி: பாட்டி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த வீணையின் தண்டி வளைந்திருக்கிறது. கித்தாருக்குச் செய்வதுபோல் கார்பன் ஃபைபர் கம்பி பதிக்கலாமா?
— வாசகி, ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: கார்பன் ஃபைபர் எடை குறைந்தது, எளிதில் வளையாது, ஈரத்தைக் குடித்து உப்பாது. பினாங்குக் காற்றுக்குப் பொருத்தமான பொருள்தான். கித்தார் கழுத்தில் நீளவாக்கில் காடி வெட்டி, எபாக்சிப் பசையால் ஒட்டுவார்கள். ஆனால், பாட்டியின் வீணையில் உடனே கைவைத்துவிடாதீர்கள்.

தஞ்சாவூர் வீணையின் தண்டி, பலாமரத்தை உள்ளே குடைந்து மேலே பலகையால் மூடியது. கம்பி பதிக்க அந்தப் பலகையைப் பெயர்க்க வேண்டும், நாதமும் மாறக்கூடும்.

முதலில் தண்டியின் விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். மரம் நேராக இருந்தால் கோளாறு மெழுகில். 24 மெட்டுகளும் மெழுகின்மேல்தான் நிற்கின்றன. வெயிலில் அது இளகினால் மெட்டு அமிழ்ந்து சுருதி பிசகும். மெட்டுகளை மீண்டும் மெழுகில் பதித்து, புதிதாக மேளம் கட்டினால் போதும். தனித்தனித் துண்டுகளை இணைத்துச் செய்த ஒட்டு வீணையானால், தண்டி குடத்தோடு சேரும் இடம் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மீண்டும் ஒட்டலாம்.

மரமே வளைந்திருந்தால் மட்டும் கார்பன் கம்பியை யோசியுங்கள். அதையும் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடமே கொடுங்கள். அதுவரை தந்திகளைத் தளர்த்தி வையுங்கள்.