கடன் வாங்கிக் கேமரா வேண்டாம், தங்கச்சி

கேள்வி: அக்கா, கோவில்பட்டியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி ஆண்டுவிழாவில் எங்கள் சார் தன் கேமராவைக் கையில் கொடுத்து நாலு படம் எடுக்கச் சொன்ன நாளிலிருந்து, போட்டோகிராபர் ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். அப்பா கடலைமிட்டாய் கடையில் பாகு காய்ச்சுகிறார். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் 18,000 ரூபாய் இருக்கிறது. கடையில் பார்த்து வைத்த கேமரா 80,000 ரூபாய். "இ.எம்.ஐ. போட்டு வாங்கிடு, நாங்க கட்டிக்கிறோம்" என்கிறார் அப்பா. வாங்கட்டுமா? கேமரா இல்லாதவளை இந்தத் தொழிலில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? பெண் என்றால் கல்யாண வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்கிறார்களே, அது உண்மையா?
- ஒரு மாணவி, கோவில்பட்டி

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய். அந்த உரிமையில் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன்.

வாங்காதே. 80,000 ரூபாயை 24 மாதத்துக்குப் பிரித்தால் வட்டி சேர்க்காமலே மாதம் 3,333 ரூபாய் வரும். தவணைத் தேதி நெருங்க நெருங்க, என்ன படம் எடுக்கலாம் என்று மனம் யோசிக்காது. யார் எவ்வளவு கொடுத்தாலும் சரி, ஒரு ஆர்டர் கிடைத்தால் போதும் என்றுதான் ஓடும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் கேமராவைத் தவணையில் எடுத்துவிட்டு ஒரு ஸ்டுடியோவுக்காக ஒன்பது கல்யாணங்கள் எடுத்துக் கொடுத்தேன். "அடுத்த சீசன்ல மொத்தமா தர்றோம்" என்றார்கள். தரவில்லை. கட்ட வேண்டிய தவணை கழுத்தை நெரித்ததால், பத்தாவது கல்யாணத்துக்கும் அவர்களிடமே போய் நின்றேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. வந்த கடிதங்களில் உன்னுடையதை முதலில் கையில் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

உன் கடிதம் ஆடியில் வந்திருப்பது நல்லதாகப் போயிற்று. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. சீசனில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத ஸ்டுடியோக்காரர்கள் இப்போது பழைய ஆல்பங்களை முடித்துக்கொண்டு, லைட்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசுவதற்கு இதுதான் நேரம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அவர்களுக்கே ஆள் தேவைப்படும். ஆனால் வெறுங்கையோடு போகாதே. பன்னிரண்டு படம் கொண்டு போ. அதை எடுக்க உன் போன் போதும்.

எப்படி என்று கேட்பாய். சாயங்காலம் நாலரை மணிக்கு அம்மா வேலை முடிந்து வந்து வாசற்படியில் உட்காரும்போது பார். வெளிச்சம் தெருவிலிருந்து வருகிறது. நீ தெருவில் நின்று அம்மாவைப் பார்த்து எடுத்தால் முகம் தட்டையாக, தகடு மாதிரி வரும். வீட்டுக்குள் நின்று தெருவைப் பார்த்து எடுத்தால் முகம் இருண்டுவிடும். வாசலுக்குப் பக்கவாட்டில் போய்ச் சுவரை ஒட்டி உட்கார். ஒரு கன்னம் வெளிச்சத்திலும் ஒரு கன்னம் நிழலிலும் வரும். நாள் முழுக்கத் தீக்குச்சி அடுக்கிய விரல்களின் ரேகை ஒவ்வொன்றும் தெரியும். உள்ளே டியூப்லைட் எரிந்தால் அணைத்துவிடு. இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் கெட்டுப்போகும். போன் திரையில் விரல்களைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழு. போன்கள் எதையும் பளிச்சென்று காட்டத்தான் பார்க்கும். நிழலை நிழலாக விடச் சொல்ல வேண்டியது நீதான்.

அடுத்து அப்பாவின் கடை. கொப்பரையிலிருந்து எழும் ஆவியைப் படத்தில் கொண்டுவரத் தெரிந்துவிட்டால் வெளிச்சத்தைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. வெளிச்சம் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் ஆவி கண்ணுக்கே தெரியாது. ஜன்னலோ கதவோ ஆவிக்குப் பின்பக்கமாகச் சற்று ஓரத்தில் இருக்க வேண்டும், அதற்கும் பின்னால் கரி படிந்த சுவர் மாதிரி இருட்டாக ஏதாவது வேண்டும். அப்போதுதான் ஆவி வெள்ளையாக எழுந்து நிற்கும். அப்பா பதம் பார்க்கப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவாரே, அந்த ஒரு நொடிக்காக நாலு நாள் காத்திரு. ஓடிப்போய் வளைத்து வளைத்து நூறு படம் எடுக்காதே. அவர் கை எப்போது எங்கே போகும் என்பது உனக்குப் பழகிவிட்டால், அதே கண் பிறகு மணமேடையிலும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. தீப்பெட்டி ஆபீஸுக்குள் முதலாளியின் அனுமதி இல்லாமல் போனை வெளியே எடுக்காதே. படம் எங்காவது வெளியானால் அதன் விளைவு உனக்கு வராது, அம்மாவின் வேலைக்குத்தான் வரும்.

அம்மா அப்பாவைப் படம் எடுத்தால் அது தொழிலில் சேருமா என்று தோன்றலாம். எம். பழனிக்குமாரின் படங்களைப் பார். மதுரைப் பக்கம் ஜவகர்லால்புரத்துக்காரர். அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர். அந்த அம்மாவையும் தூய்மைப் பணியாளர்களையும் மீனவப் பெண்களையும் அவர் எடுத்த படங்கள், பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் இருக்கின்றன. தமிழிலேயே இலவசமாகப் படிக்கலாம். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான் கிடைத்தது. சென்னையிலிருந்து ஒரு நாள் வந்துபோகிற போட்டோகிராபருக்கு உன் வீட்டு வாசலின் நாலரை மணி வெளிச்சம் எட்டாது. உனக்கு அது தினமும் கிடைக்கிறது.

சம்பாத்தியமும் அதே தெருவில்தான் இருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூருக்கு அனுப்பி விற்கிற கடைக்கு வாட்ஸ்அப்பில் காட்ட நல்ல படம் வேண்டும். ஒரு ஜன்னல், ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர், நிழல் விழுகிற பக்கம் நிறுத்த ஒரு தெர்மாகோல் அட்டை. இவ்வளவும் சேர்த்தே நூறு ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். பத்துப் படத்துக்கு ஒரு தொகை என்று பேசிக்கொள். குறைவாகக் கேள், ஆனால் சும்மா எடுத்துக் கொடுக்காதே. முதல்முறை சும்மா கொடுத்த இடத்தில் இரண்டாம் முறை காசு கேட்க நாக்கு எழாது. என் அனுபவத்தில் அப்படிக் கேட்டு வாங்கினவர்களை நான் பார்த்ததில்லை.

இப்போது கேமரா. கையில் இருக்கும் பணத்தில் 10,000-ஐத் தொடாதே. மீதியில் நல்ல மெமரி கார்டு இரண்டு வாங்கு. வேலை கிடைக்கிற நாளில் கேமராவை வாடகைக்கு எடு. திருநெல்வேலியிலும் மதுரையிலும் வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பார்கள். முதல்நாள் மாலையே எடுத்துவந்து எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பழகிக்கொள். மண்டபத்தில் போய்த் தேடக்கூடாது. படத்தைத் திருத்த போனில் ஸ்னாப்சீட், கல்லூரிக் கணினியில் டார்க்டேபிள். இரண்டும் இலவசம்.

நாலைந்து வேலைகளில் கைக்காசு சேர்ந்த பிறகு பழைய கேமரா வாங்கு. 2013-இல் வந்த கேனன் 700டி, நிக்கான் டி5300 இரண்டுமே இன்றைக்கும் வேலை செய்யும். 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 18 மெகாபிக்சல் போதும். பாடியைவிட லென்ஸைப் பார். கூடவே வரும் கிட் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான மண்டபத்தில் அதுதான் காப்பாற்றும். நிக்கானில் ஒரு சிக்கல் உண்டு. டி5300 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏ.எஃப்.-டி வகை லென்ஸை வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏ.எஃப்.-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

பழைய கேமராவை வெயிலில் வைத்துப் பார், கடைக்குள் வைத்துப் பார்க்காதே. எத்தனை படம் எடுத்திருக்கிறது என்கிற ஷட்டர் கவுண்டைக் கேள். நான் சொன்ன இரண்டுக்கும் ஒரு லட்சம் வரை என்பது கம்பெனிக் கணக்கு. எஃப் 16-இல் வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸுக்குப் பின்னாலிருந்து போன் டார்ச் அடித்து முன்பக்கம் பார். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, தொடாதே. ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல்பையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்த என் லென்ஸ் ஒன்று அப்படித்தான் போயிற்று. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நாலு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். அசல் பில் இல்லாத கேமரா எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கல்யாண வேலைக்கு வருவோம். பெண்ணைக் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் மணப்பெண் அறை வாசலில் நின்றிருக்க மாட்டார்கள். பெண்ணுக்குப் பூ வைக்கும்போதும் புடவை கட்டி முடிக்கும்போதும் உள்ளே போகக்கூடிய ஆள் வேண்டும் என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். ஆண்கள் மட்டுமே இருக்கிற குழுக்கள் அந்த ஆர்டரை விட்டுவிடாமல் இருக்க நம்மைத் தேடுகின்றன. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ரிசப்ஷன் முடிய நள்ளிரவாகும், முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் நிற்க வேண்டும். எங்கே தங்குவது, யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதைச் சம்பளம் பேசுவதற்கு முன்பே கேள். கேட்டதும் முகம் சுளிக்கிற ஸ்டுடியோவாக இருந்தால் அங்கே போகாதே.

முதல் சீசனில் லைட் பிடிக்கச் சொல்வார்கள். வருத்தப்படாதே. தாலி கட்டுகிற நேரத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஐயர் நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்குவார், கெட்டிமேளம் எழும், அட்சதை பறக்கும், சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு அடி முன்னால் வருவார்கள். உன் முன்னால் ஐந்து போன் நீளும். இருப்பது சில நொடிதான். நல்ல போட்டோகிராபர் ஐயர் கை உயர்வதற்கு முன்பே இடத்தைப் பிடித்து நின்றிருப்பார். அவர் கால் எங்கே இருக்கிறது என்று பார். மேடை எல்.இ.டி. விளக்கால் படத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100-இல் வைத்துப் பார்க்கச் சொல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பெரும்பாலும் அதில் சரியாகிவிடும். லைட் பிடிக்க வந்த பெண் இதைச் சொன்னால் அடுத்த கல்யாணத்தில் உன் கையில் ஒரு கேமராவைக் கொடுப்பார்கள்.

எழுத்தில் வாங்காமல் எதையும் செய்யாதே. சம்பளம், தேதி, பணம் தரும் நாள் மூன்றும் வாட்ஸ்அப் செய்தியாகவாவது இருக்கட்டும். சட்டத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதனால் "இந்தப் படங்களில் பத்தை என் வேலையைக் காட்டப் பயன்படுத்திக்கொள்ளலாமா" என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள். நீயாக எடுத்த அம்மாவின் படம் முழுக்க உன்னுடையது.

மண்டபத்திலிருந்து வந்த இரவே படங்களை இரண்டு இடத்தில் ஏற்று. ஆல்பம் கைமாறும்வரை கார்டை அழிக்காதே.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போகும்போது சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு போட்டுக்கொள். மேடையில் ஏறி இறங்கியபடியே இருக்க வேண்டும். விடியற்காலை எத்தனை மணியானாலும் வீட்டிலேயே ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. தாலி கட்டி, குடும்பப் படமெல்லாம் முடிகிறவரை நம்மைப் பந்திக்குக் கூப்பிட யாருக்கும் நினைவிருக்காது.