குளிர் அறையும் வெயில் தொட்டியும்: ஆல்கே செக்ஷனில் சேர்பவர்களுக்கு

மீன்வளமோ கடல் உயிரியலோ முடித்துவிட்டு மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரியில் வேலைக்குச் சேர்கிறீர்களா? உங்களை ஆல்கே செக்ஷனில் போட்டால் முகம் சுளிக்காதீர்கள். இறால் குஞ்சு நாப்ளியஸ் பருவத்தில் தன் மஞ்சள் கருவைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். சோயியா ஆனதும் கீட்டோசிரஸ், தலாசியோசைரா போன்ற நுண்பாசி வேண்டும். அன்றைக்குப் பாசி தயாராக இல்லையென்றால் மொத்த பேட்ச்சும் போச்சு.

வேலை இரண்டு இடங்களில் நடக்கும். உள்ளே ஏசி அறை: 22 முதல் 25 டிகிரி, டியூப் லைட், கொதிக்கவைத்து ஆறிய கடல்நீர், எஃப்/2 ஊட்டக் கரைசல். சோதனைக் குழாயிலிருந்து குடுவைக்கு, அங்கிருந்து கார்பாய்க்கு என்று பாசியைப் பெருக்குவீர்கள். இங்கே பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும். கல்லூரியில் படித்தது கைகொடுக்கும்.

ஆள் தேறுவது வெளித் தொட்டியில்தான். உள்ளே சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சத்தில் வளர்ந்த பாசி, உச்சிவெயிலில் ஒரு லட்சம் லக்ஸைச் சந்திக்கிறது. அதனால் கார்பாயை நண்பகலில் கொட்டாதீர்கள். விடியற்காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள், தொட்டி அளவில் பத்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். உரம் பெரும்பாலும் யூரியா, சூப்பர் பாஸ்பேட்தான். டயட்டம் என்றால் சிலிக்கேட்டும் அவசியம், ஓடு கட்ட அது வேண்டும். குளோரின் போட்ட நீரைத் தயோசல்பேட்டால் முறித்த பிறகு ஆர்த்தோடொலிடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இன்னும் இருக்கிறது, பாசியை ஊற்றாதீர்கள்.

புதியவர்களைக் கவிழ்ப்பது நிறம். 'இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்' என்று ஒரு நாள் கூடுதலாக விடுவார்கள். மறுநாள் காலை பாசி அடியில் படிந்து கிடக்கும். தொட்டி வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அது எப்போது என்பதை ஹீமோசைட்டோமீட்டர்தான் சொல்லும்: மூலைக் கட்டங்களின் சராசரியைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை செல் என்று தெரியும். தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். லென்ஸுக்கடியில் சிலியேட் நீந்துகிறதா? பாவம் பார்க்காமல் தொட்டியைத் திறந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வளர்ச்சியை மந்தமாக்கும், மழை உப்பளவைக் குறைக்கும். அந்த மாதங்களில் கூடுதல் கார்பாய்களை முன்கூட்டியே ஏற்றி வையுங்கள், தொட்டிக்கு மேல் ஷீட் இருக்கட்டும்.

பாசி உள்ளேயிருந்து வெளியே மட்டுமே போக வேண்டும். வெளித் தொட்டி நீர், ஹோஸ், வாளி, ஏன் செருப்புகூட, தாய்ப் பாசி (ஸ்டாக்) வைத்திருக்கும் ஏசி அறைக்குள் வரக் கூடாது. முதலாளியே வந்தாலும் வாசலில் நிறுத்துங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: ஸ்டாக் எங்கிருந்து வருகிறது? கரண்ட் போனால் ஏரேஷனுக்கு ஜெனரேட்டர் உண்டா? 'ஸ்டாக்கெல்லாம் வைப்பதில்லை, பக்கத்து ஹேச்சரியில் வாங்கிக்கொள்வோம்' என்றால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள்.